இணையத்தளம் அமைக்கப் புகுவோரும் கட்டற்ற மென்பொருளும்

விலையின்றிக் கிடைப்பதற்கும் விலங்கின்றி இருப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குகின்றது. அச்சொல் மென்பொருளைச் சார்ந்து வரும்பொழுது கேட்போர் பெரும்பாலும் முதற்பொருளையே கொள்வர். தமிழுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. காசு கொடாது பெறுவதை இலவசம் என்றும், பெற்றவன் தன் விருப்பின்படி ஆளத்தக்கதைக் கட்டற்றது என்றும் வேறு வேறாகக் கூறும் வசதி தமிழில் உண்டு. கட்டற்ற மென்பொருள் என்னுந் தொடர் இன்று கணினித் துறையில் நிலைபெற்றும் விட்டது. எனினும், இணையத்தளம் ஒன்றை முதன்முதலாக அமைக்கப் புகுவோர் அதற்கான கருவியைத் தேடுங்கால், மொழி வகுத்துத் தந்த இவ்வேறுபாட்டை மறந்து, விலை ஒன்றையே நோக்கித் தெரிவு செய்கின்றனர். அத்தெரிவின் பயன் தொடங்கிய அன்று தோன்றுவதில்லை. ஐந்தாண்டோ பத்தாண்டோ கழிந்த பின்னரே தோன்றும்.

ஓர் ஊரின் வாசிகசாலை தன் ஐம்பதாண்டுக் கால அறிக்கைகளையும், விழா மலர்களையும், நிழற்படங்களையும் வெளிநாடுகளிற் பரந்து வாழும் ஊரவரும் காணுமாறு இணையத்தில் வைக்க விரும்புகின்றது எனக் கொள்க. அதன் செயலாளர் தமக்கு ஓய்வு கிடைக்கும் மாலைப்பொழுதுகளிற் பழைய படங்களைத் தேடிப் பிரதிசெய்வார். படத்தில் நிற்போர் இன்னார் இன்னார் என முதியோரிடங் கேட்டெழுதுவார். செல்லரித்த கூட்ட அறிக்கைகளைத் தட்டெழுத்தில் ஏற்றுவார். இவ்வுழைப்பே இம்முயற்சியின் பெருமுதல். பெயர் சொல்லத்தக்க முதியவர் ஒருவர் இறந்துவிடின் அதனை இரண்டாம் முறை ஈட்டுதல் இயலாது. மென்பொருளின் விலை இதனோடு ஒப்புநோக்கின் மிகச் சிறிது. ஆதலால், தெரிவின்போது எழவேண்டிய முதல் வினா, இதற்கு விலை யாது என்பதன்று. இதனுள் இட்ட எழுத்தையும் படத்தையும் வேண்டியபோது மீளப் பெற்று வேறிடத்துக்குக் கொண்டுசெல்லல் இயலுமா என்பதே.

இவ்வினாவின் கனம் 2009ஆம் ஆண்டிற் பலர்க்கு விளங்கிற்று. ஜியோசிற்றீஸ் என்னும் நிறுவனம் 1994ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றி, வேண்டுவோர்க்கெல்லாம் இணையத்தில் விலையின்றி இடம் அளித்தது. அவ்விடங்கள் குடியிருப்புக்களைப் போலப் பகுக்கப்பட்டிருந்தன. கல்வியும் இலக்கியமும் பற்றி எழுதுவோர் ‘ஏதென்ஸ்’ என்னும் பகுதியிலும், திரைப்படம் பற்றி எழுதுவோர் ‘ஹொலிவூட்’ என்னும் பகுதியிலும் குடியேறினர். கணினியறிவு சிறிதும் இல்லாதோரும் தம் குடும்பத்தைப் பற்றியும், தாம் வளர்த்த பூனையைப் பற்றியும், தம் ஊரைப் பற்றியும் ஆங்கே பக்கங்கள் ஆக்கினர். 1999ஆம் ஆண்டில் யாகூக் கொம்பனி 300 கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுடைய பங்குகளைக் கொடுத்து அதனை வாங்கிற்று. பத்தாண்டு கழிந்தபின், 2009 ஒக்ரோபர் 26ஆந் திகதி, அமெரிக்கத் தளம் மூடப்பட்டது. யப்பானியக் கிளை மட்டும் 2019 மார்ச்சு வரை நடைபெற்றது. மூடும் எண்ணம் சில மாதங்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டதெனினும், தம் பக்கங்களை அங்கே விட்டு வேறு பணிகளிற் புகுந்தோரை அவ்வறிவித்தல் சென்றடைதல் அரிது. இணைய ஆவணக்காப்பகமும் தன்னார்வத் தொண்டர் சிலரும் இரவு பகலாக முயன்று பெரும் பகுதியைப் பிரதிசெய்து காத்தனர். அவர்கள் கைக்கு எட்டாதவை போயின.

யாகூவைக் குறைகூறுவதிற் பயனில்லை. அது விலையின்றிக் கொடுத்ததை விலையின்றியே எடுத்துக்கொண்டது. குடியிருந்தோர் கையில் உறுதி இருக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

உறுதி என்னுஞ் சொல் ஈண்டு உவமையாக வந்ததேனும், இணையத்தளத்தின் அமைப்பை விளக்குதற்கு அது நன்கு பொருந்துகின்றது. ஒரு வீட்டுக்குக் காணி, கட்டடம், உறுதி என்னும் மூன்றும் வேண்டியிருத்தல் போல, ஓர் இணையத்தளத்துக்கும் மூன்று வேண்டும். தளத்தின் கோப்புக்களைத் தாங்கி எந்நேரமும் விழித்திருக்கும் சேவையகம் காணியை ஒக்கும்; அதனைப் பெரும்பாலார் ஆண்டு வாடகைக்கு எடுப்பர். எழுத்தையும் படத்தையும் ஒழுங்குபடுத்திப் பக்கங்களாக ஆக்கிக் காட்டும் மென்பொருள் கட்டடத்தை ஒக்கும். மக்கள் தளத்தை நாடிவரும் முகவரியாகிய ஆள்களப் பெயர் உறுதியை ஒக்கும். அதுவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய ஒன்றே. இம்மூன்றும் ஒருவரிடமே, அதுவும் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில், மூன்றும் அவருடையனவேயாம். மூன்றும் வேறு வேறாக இருக்குமிடத்து, காணிக்காரரோடு பிணக்கு நேரின் கட்டடத்தைப் பெயர்த்து வேறு காணியில் வைத்து, பழைய முகவரியையே அதற்குச் சூட்டலாம். வருவோர்க்கு யாதும் மாறியதாகத் தோன்றாது. செங்கல் வீட்டை அவ்வாறு பெயர்த்தல் இயலாது. மென்பொருள் வீட்டைப் பெயர்க்கலாம், அதனைக் கட்டியோர் அதற்கு இடந்தந்திருப்பின்.

இடந்தருதல் என்பதற்குரிய இலக்கணத்தைத் தெளிவாக வகுத்தவர் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய றிச்சாட் ஸ்ரோல்மன் ஆவர். 1983 செப்ரெம்பரில் அவர் ‘குனூ’ என்னுந் திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்குதல், அஃது இயங்குமாற்றை மூலநிரலிற் கற்றுத் தேவைக்கேற்ப மாற்றுதல், பிரதிசெய்து பிறர்க்கு அளித்தல், மாற்றிய வடிவத்தையும் பிறர்க்கு அளித்தல் என்னும் நான்கு சுதந்திரங்களும் உடையதே கட்டற்ற மென்பொருள் என்பது அவர் கொள்கை. இந்நான்கினுள் விலை பற்றிய பேச்சே இல்லை என்பது நோக்கத்தக்கது. கட்டற்ற மென்பொருளை விற்றலுங் கூடும். விலையின்றிக் கொடுக்கப்படும் மென்பொருள் முற்றும் கட்டுடையதாக இருத்தலுங் கூடும். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த குனூப் பொது உரிமம் இச்சுதந்திரங்களைச் சட்டமொழியில் யாத்தது. அவ்வுரிமத்தின்கீழ்ப் பெற்ற ஒன்றை மாற்றிப் பிறர்க்கு வழங்குவோன், தான் பெற்ற அதே சுதந்திரங்களையும் சேர்த்தே வழங்கல் வேண்டும்.

உலகளாவிய வலையும் இத்தகைய கொடை ஒன்றினாலேயே வளர்ந்தது. சுவிற்சர்லாந்தின் எல்லையிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்னேர்ஸ்-லீ ஆக்கிய வலை மென்பொருளை அந்நிலையம் 1993 ஏப்பிரில் 30ஆந் திகதி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு பொதுவுடைமையாக்கிற்று.

ஈண்டு ஒரு தடை எழும். வாசிகசாலைச் செயலாளர் நிரல் எழுதக் கற்றவரல்லர். மூலநிரலைத் திறந்து வைப்பினும் அவர் அதனைப் படிக்கப் போவதில்லை. படித்தாலும் விளங்கப் போவதில்லை. அவருக்கு இந்நான்கு சுதந்திரங்களாலும் ஆவதென்னை? தடை வலியுடையதே. அதற்கு விடை கொள்கையிலன்றி வரலாற்றிலே உள்ளது.

2003ஆம் ஆண்டளவில், நாட்குறிப்புப் போன்ற தளங்களை நடத்துவோரிடையே இரு மென்பொருள்கள் வழங்கின. ஒன்று ‘மூவபிள் ரைப்’ என்பது. அசையும் அச்செழுத்தின் பெயரைத் தாங்கிய அதனைப் பென் துரொற், மீனா துரொற் என்னும் கணவனும் மனைவியும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செப்பமும் வனப்பும் உடையது. வணிக நோக்கமில்லாத தனியார்க்கு விலையின்றியும் கிடைத்தது. மற்றையது ‘பி2’ என்பது. மிசேல் வால்திரிகி என்பார் ஒருவரே எழுதிய அது, வனப்பிற் குறைந்ததாயினும் குனூப் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டிருந்தது. விலையை மட்டும் நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றே. வனப்பை நோக்குவோர்க்கு முன்னதே மேலானது.

பின்னர் நிகழ்ந்தவை வியப்புக்குரியன. பி2இன் ஆசிரியர் தம் படைப்பைத் தொடராது அமைதியாயினார். அதனைப் பயன்படுத்திய மாற் முலன்வெக் என்னும் அமெரிக்க மாணவர், அப்பொழுது 19 வயதினர், 2003 சனவரியில் தம் தளத்தில் இக்குறையை எழுதி, உரிமம் இடந்தருதலால் அந்நிரலை எடுத்து வளர்க்கலாம் என்றார். இங்கிலாந்திலிருந்து மைக் லிற்றில் என்பவர் தாமும் துணைநிற்பதாக மறுமொழி விடுத்தார். ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத இவ்விருவரும் அவ்வாண்டு மே 27ஆந் திகதி வெளியிட்டதே வேர்ட்பிரஸ். அடுத்த ஆண்டு மே மாதத்தில் மூவபிள் ரைப்பின் 3ஆம் பதிப்பு வந்தது. அதனோடு புதிய உரிமமும் வந்தது. விலையின்றிப் பெறுவோர் எத்தனை தளம் வைத்திருக்கலாம், எத்தனை பேர் எழுதலாம் என்பவற்றுக்கு எல்லை வகுக்கப்பட்டது. கொடுத்தோர்க்கு அவ்வுரிமை உண்டு. சட்டத்தில் எத்தவறும் இல்லை. ஆயினும் பலர் மனங்கசந்து வேர்ட்பிரசுக்கு மாறினர். பழைய மென்பொருள் தன்னுள் இருந்த எழுத்துக்களைத் தனிக் கோப்பாக வெளியே எடுக்க வழி வைத்திருந்தமையால் அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை என்பதையும் அதன் புகழாகச் சொல்லல் வேண்டும்.

ஆசிரியன் கைவிட்ட மென்பொருள் வாழ்ந்தது. ஆசிரியர் கண்ணுங் கருத்துமாகப் பேணிய மென்பொருள் தன்னை நம்பியோரை இழந்தது. பி2ஐப் பயன்படுத்தியோருட் பெரும்பாலார் அதன் மூலநிரலைத் திறந்தே பாரார். அதனைத் திறந்து பார்க்க வல்லார் இருவர்க்கு உரிமை இருந்தமையே அவர்கள் அனைவரையுங் காத்தது. செயலாளர் மூலநிரலைப் படிக்கவேண்டியதில்லை. யாரேனும் ஒருவர் படிக்கவும் தொடரவும் இடமிருத்தலே அவருக்கு வேண்டுவது. மேற்கூறிய தடைக்கு இதுவே விடை.

இன்று உலகத்து இணையத்தளங்களுள் 100இல் 40க்கு மேற்பட்டவை வேர்ட்பிரசினால் இயங்குகின்றன. புதியோர்க்கு அது பொருந்துதற்குக் காரணம் அப்பெருந்தொகையே என்று சொல்லினும் தவறாகாது. எங்கே இடறினும் அதே இடத்தில் முன்னர் இடறியவர் ஒருவர் விடை எழுதி வைத்திருப்பார். வாடகைக்கு இடமளிக்கும் நிறுவனங்களுட் பெரும்பாலானவை ஒரு பொத்தானை அழுத்திய அளவில் அதனை நிறுவித் தருகின்றன. அதன் செயலும் எளிதில் விளங்கத்தக்கது. எழுதியவை தரவுத்தளம் ஒன்றிற் சேமிக்கப்படும். படிப்போர் ஒருவர் பக்கத்தைக் கேட்டவுடன், பி.எச்.பி. என்னும் மொழியில் எழுதப்பட்ட நிரல் தரவுத்தளத்திலிருந்து எழுத்தை எடுத்து, தெரிவுசெய்த வார்ப்புருவிற் பொருத்தி, எச்.டி.எம்.எல். பக்கமாக ஆக்கி அனுப்பும். எழுத்தும் தோற்றமும் தனித்தனி இருத்தலால், ஆயிரம் பக்கங்களின் தோற்றத்தையும் ஒரு நொடியில் மாற்றலாம். தமிழ் இடைமுகமும் உண்டு. இலங்கைத் தமிழுக்கெனத் தனியாக ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவே வகுக்கப்பட்டிருத்தல், மாற்றும் சுதந்திரத்தின் பயன்களுள் ஒன்று.

ஒரு மயக்கத்தை இவ்விடத்தில் நீக்குதல் வேண்டும். வேர்ட்பிரஸ் என்னும் பெயரால் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று எவரும் இறக்கித் தம் சேவையகத்தில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள். அதன் முகவரி ‘ஓர்க்’ என முடியும். மற்றையது, முலன்வெக் 2005ஆம் ஆண்டில் நிறுவிய ஓட்டோமற்றிக் கொம்பனி அம்மென்பொருளைத் தன் சேவையகங்களில் இயக்கி நடத்தும் சேவை. அதன் முகவரி ‘கொம்’ என முடியும். பின்னதில் விலையில்லாத நிலையும் உண்டு. ஆயின் அந்நிலையில் விளம்பரங்கள் தோன்றும். முகவரியிற் கொம்பனியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். கற்றுப் பழகுதற்கு அது நன்று. பழகியபின் உள்ளதனைத்தையும் ஏற்றுமதி செய்து முன்னதற்குக் கொண்டுபோகலாம் ஆதலின், இலவசச் சேவைகளுள் அது கேடு குறைந்தது. விக்ஸ் போன்ற சில சேவைகளில் அமைத்த தளம் அச்சேவைக்குரிய சேவையகங்களில் மட்டுமே இயங்கும். அதனை அப்படியே பெயர்த்து வேறிடத்தில் நிறுவ முடியாது. படங்களை இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் எளிமையில் அவை வேர்ட்பிரசினும் சிறந்தன என்பது உண்மை. ஒரு மாதத்துக்கு மட்டும் வேண்டிய விழா அறிவித்தலுக்கு அவை போதும். ஐம்பதாண்டு ஆவணத்துக்குப் போதா.

வேர்ட்பிரசின் பெருமையே அதன் நோயுமாகும். தொடர்புப் படிவம், படத்தொகுப்பு, நாட்காட்டி என வேண்டிய ஒவ்வொன்றுக்கும் செருகுநிரல் என்னும் துணைப்பகுதிகள் உண்டு. வேர்ட்பிரஸ் நடத்தும் களஞ்சியத்தில் அவை ஏறத்தாழ 60,000 உள. விலையின்றிக் கிடைக்கின்றனவே என்று புதியோர் இருபதையும் முப்பதையும் நிறுவிவிடுவர். தளங்களுட் கள்வர் புகும் வழி பெரும்பாலும் மூலமென்பொருளன்று. கைவிடப்பட்ட, அல்லது இற்றைப்படுத்தாத செருகுநிரலே. 2013ஆம் ஆண்டின் 3.7ஆம் பதிப்பு முதலாக வேர்ட்பிரஸ் சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே இட்டுக்கொள்கின்றது. செருகுநிரல்களுக்கும் அவ்வாறு செய்யும்படி பணிக்கலாம். பணித்தாலும், ஆசிரியனே விட்டுப்போன செருகுநிரலுக்குத் திருத்தம் எங்கிருந்து வரும்? ஆகவே ஒரு செருகுநிரலை ஏற்குமுன் அது கடைசியாக எப்பொழுது திருத்தப்பட்டது என்று பார்த்தல் வேண்டும். அத்திகதி களஞ்சியத்திலேயே காட்டப்பட்டிருக்கும். ஐந்து செருகுநிரலோடு அமையும் தளம் ஐம்பதோடு அமையும் தளத்தினும் விரைவாகத் திறக்கும். கைத்தொலைபேசியில், அளந்து வாங்கிய தரவில் அதனைப் பார்ப்போர்க்கு அது பெரும் உதவி.

கட்டற்ற மென்பொருளிலும் வாயிற்காவலர் உண்டு என்பதை 2024ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில், முலன்வெக்கிற்கும் வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடமளிக்கும் டபிள்யூ.பி. என்ஜின் என்னுங் கொம்பனிக்கும் வணிகப் பெயரைப் பயன்படுத்துதல் பற்றியும், அக்கொம்பனி பொதுப்பணிக்கு அளிக்கும் பங்கு பற்றியும் பிணக்கு மூண்டது. மேற்கூறிய களஞ்சியத்தை அணுகும் வழி அக்கொம்பனிக்கு அடைக்கப்பட்டது. அதனிடம் இடம் வாடகைக்கு எடுத்திருந்தோர் வழக்கமான முறையிற் செருகுநிரல்களை இற்றைப்படுத்த இயலாது இடர்ப்பட்டனர். வழக்கு நீதிமன்றஞ் சென்றது. அவ்வழியை மீளத் திறக்குமாறு கலிபோணிய நீதிமன்றம் டிசெம்பரில் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. உரிமம் நிரலுக்குச் சுதந்திரம் அளிக்கின்றது. நிரல் வந்துசேரும் தெருவுக்கு அளிப்பதில்லை. ஆயினும் அடைபட்ட தெருவைச் சுற்றிப் போக வழி இருந்தது. செருகுநிரலின் கோப்பைக் கையால் இறக்கிக் கையால் ஏற்ற எவர்க்கும் தடை இல்லை. தொல்லை மிகுதி, அவ்வளவே. கட்டுடைய மென்பொருளாயின் சுற்றுவழியும் இராது.

வேர்ட்பிரசோடு சேர்த்து எண்ணப்படும் ஏனைய இரண்டைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. ஜூம்லா 2005ஆம் ஆண்டில், மாம்போ என்னும் மென்பொருளின் நிரலாளர்கள் அதன் நிருவாகத்தோடு ஒவ்வாது நிரலையும் எடுத்துக்கொண்டு பிரிந்ததனாற் பிறந்தது. துரூப்பல் பெல்சிய மாணவராகிய திறீஸ் பைற்றேட் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஊர் எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லை முகவரியாகப் பதியப் போய் எழுத்துப்பிழையால் வேறொரு சொல்லைப் பதிந்துவிட்டமையே அப்பெயரின் தோற்றம் என்பர். ஐக்கிய அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளம் 2009 முதல் சில ஆண்டுகள் துரூப்பலில் இயங்கி, 2017இல் வேர்ட்பிரசுக்கு மாறிற்று. இரண்டும் கட்டற்றனவே, வலியனவே. தொடங்குவோன் ஒருவனுக்கு அவை தேவைக்கு மிஞ்சிய கருவிகள்.

மீடியாவிக்கி அவ்வாறன்று. 2002ஆம் ஆண்டு முதல் விக்கிப்பீடியாவைத் தாங்கிவரும் இம்மென்பொருள் பலர் கூடி ஒரு பக்கத்தைத் திருத்துதற்கும், செய்த திருத்தம் ஒவ்வொன்றையும் பேணுதற்கும் ஏற்றது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் பாதுகாக்க 2005ஆம் ஆண்டிலே தோன்றிய நூலகம் திட்டத்தின் தளம் இதனால் இயங்குகின்றது. விளம்பரமும் இன்றி, கட்டணமும் இன்றி அத்துணை ஆவணங்களை எவர்க்கும் திறந்து வைத்திருக்கும் அத்தளத்தைக் கண்டபின், கட்டற்ற மென்பொருள் சிறு முயற்சிகளுக்கே உரியது என்று எவரும் சொல்லார். வாசிகசாலையின் நோக்கம் செய்தி சொல்லுதலன்றிப் பலர் நினைவைத் தொகுத்தலாயின், செயலாளர் வேர்ட்பிரசுக்கு முன் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

தரவுத்தளமே இல்லாத வழி ஒன்றும் உண்டு. பத்துப் பக்கங்களுக்கு மேற்படாத, ஆண்டுக்கு இருமுறை மட்டும் மாறுகின்ற தளத்துக்கு எச்.டி.எம்.எல். கோப்புக்களையே எழுதி வைத்துவிடலாம். அம்மொழியின் அடிப்படையை ஒரு வார விடுமுறையிற் கற்றல் கூடும். பக்கங்கள் பெருகின் ஜெக்கில், ஹியூகோ முதலிய கட்டற்ற ஆக்கிகள் துணைசெய்யும். இவை எளிய எழுத்துக் கோப்புக்களிலிருந்து முழுத்தளத்தையும் ஒரே முறையில் ஆக்கித் தருவன. இவ்வாறு அமைந்த தளத்திற் கள்வர் உடைத்துப் புகத்தக்க நுழைவுப் பலகை இல்லை. இற்றைப்படுத்தவும் மிகுதியாக ஒன்றுமில்லை. பத்தாண்டு தொடாது விட்டாலும் உலாவி அதனைக் காட்டும். ஆனால் செயலாளரன்றி வேறெவரும் அதிற் புதிய பக்கம் சேர்க்கத் துணியார். ஒருவரே எழுதும் தளத்துக்கு இதுவும், பலர் முறைவைத்து எழுதும் தளத்துக்கு வேர்ட்பிரசும் பொருந்தும் எனல் மிகையன்று.

மென்பொருள் கட்டற்றதாயினும் எழுத்துக் கட்டுண்டு போதல் உண்டு. இதனைத் தமிழரைவிட நன்கறிந்தோர் இலர். ஒருங்குறித் தரத்தில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அது கணினிகளிற் பரவ நெடுங்காலஞ் சென்றது. அதுவரை பாமினி போன்ற எழுத்துருக்கள் இலங்கையிற் பெருவழக்காயிருந்தன. அவ்வெழுத்துருவிற் சேமித்த கோப்பில் உண்மையில் இருப்பவை உரோம எழுத்துக்களும் நிறுத்தக்குறிகளுமே. எழுத்துரு நிறுவப்படாத கணினியில் அவை பொருளற்ற குவியலாகத் தோன்றும். எழுத்துரு உள்ள கணினியிலும் தேடுபொறி அவற்றைத் தமிழாக அறியாது. 1998ஆம் ஆண்டிலே தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கிக் குறியீட்டில் வெளியிட்டுப் பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிற்று. அத்தகைய பேருழைப்பை மேற்கொள்ள ஆளில்லாத தளங்கள் பல இன்று படிப்பாரற்றுக் கிடக்கின்றன. ஆதலால் வாசிகசாலையிற் பாமினியில் தட்டெழுதி வைத்த பழைய அறிக்கைகள் இருப்பின், தளத்தில் ஏற்றுமுன்னரே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றல் வேண்டும். அதற்குரிய மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அறிவித்தலை அழகிய படமாக ஆக்கி அதனையே பக்கமாக இடுவோர் இன்றும் உளர். படத்துள் இருக்கும் எழுத்தைத் தேடுதலும் பிரதிசெய்தலும் அரிது. அதுவும் ஒருவகைப் பாமினியே.

செலவு பற்றிச் சில சொற்கள். மென்பொருளுக்கு ஒன்றுமில்லை; சேவையக வாடகைக்கும் ஆள்களப் பெயருக்கும் ஆண்டுதோறும் கொடுத்தல் வேண்டும். படிப்போருக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட போக்குவரத்தைப் பூட்டிக் காக்கும் சான்றிதழுக்கு முன்னர் விலை இருந்தது. 2015 முதல் ‘லெற்ஸ் என்கிரிப்ற்’ என்னும் பொதுநல அமைப்பு அதனை இலவசமாக அளிக்கின்றது. அதற்கெனக் காசு கேட்கும் இடத்திற் சிறிது நின்று சிந்தித்தல் நன்று.

இனி, கருவியைத் தேர்ந்தபின் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. அதனைப் பத்தாவது பக்கம் எழுதுமுன்னரே செய்தல் வேண்டும், ஆயிரமாவது பக்கத்தின் பின்னன்று. அமைத்த தளத்தை அதன் சேவையகத்திலிருந்து எடுத்து, வீட்டுக் கணினியிலோ வேறொரு சேவையகத்திலோ நிறுவிப் பார்ப்பதே அது. வேர்ட்பிரசில் ‘ஏற்றுமதி’ என்னும் பொத்தானை அழுத்தினால் ஒரு கோப்பு வந்துசேரும். அதனைக் கண்டு முழுத்தளமும் கைக்கு வந்துவிட்டதென மகிழ்தல் ஆகாது. அக்கோப்பில் எழுத்துக்களும் கருத்துரைகளும் இருக்கும். படங்கள் இருக்கமாட்டா, அவற்றின் முகவரிகளே இருக்கும். பழைய சேவையகம் மறைந்தபின் அம்முகவரிகளால் ஆவதொன்றுமில்லை. செயலாளர் மாலைதோறும் முயன்று திரட்டிய நிழற்படங்கள் சேவையகத்தில் ‘அப்லோட்ஸ்’ என்னும் உறையில் தனியே கிடக்கும். அவ்வுறையை முழுமையாகவும், தரவுத்தளத்தின் பிரதியைத் தனியாகவும் எடுத்தல் வேண்டும். இரண்டையும் வேறிடத்தில் வைத்துத் திறந்து, படமும் எழுத்தும் ஒருங்கே தோன்றக் கண்டபின்னரே காப்புப்பிரதி உண்டு எனலாம்.

ஆள்களப் பெயரைச் செயலாளர் தம் பெயரிற் பதியாது வாசிகசாலையின் பெயரிற் பதிதல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அன்பினாலே தம் கடனட்டையாற் பதிந்துகொடுத்து, பின்னர் அவரைத் தேடிப்பிடிக்க இயலாது முகவரியையே இழந்த சங்கங்கள் உண்டு. பதிவின் விவரமும், புதுப்பிக்கும் திகதியும், காப்புப்பிரதி வைத்திருக்கும் இடமும் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதப்படல் தகும். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையிலிட்டுத் தலைவரிடம் இருக்கலாம். நிருவாகசபை மாறும்பொழுது பழைய செயலாளர் புதியவரிடம் கையளிக்கும் பொருள்களின் அட்டவணையில், அலுமாரித் திறப்புக்கும் இறப்பர் முத்திரைக்கும் அடுத்த வரியில் அவ்வுறையும் இடம்பெறும்.